கடலில்லா ஊரில் ஒரு கடற்கரை இரயில்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அறிவியல் மன்றத் தோழியர் எழுவர் சார்பில்)

"சிறு துளி பெருவெள்ளம்" என்ற பழமொழியைச் சேமிப்பைப் பற்றிய கட்டுரைகளில் பலமுறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக ஒரு மாதிரி இரயில் பாதை அமைக்கப் போனோம். அப்போதுதான் அந்தப் பழமொழியின் நேர்ப்பொருளே எங்களுக்கு விளங்கியது. அந்தக் கதையையும், மாதிரி இரயில் செய்யும் முறையையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

ஊர் பிறந்த கதை

கண்காட்சிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அருட்சகோதரி கேட்டதும், எங்கள் குழு ஒரே குரலில் "இரயில்!" என்றது. காரணம் உண்டு. எங்களில் நால்வர் பெரம்பலூர்க்காரர்கள். பெரம்பலூரில் ஆட்சியர் அலுவலகம் உண்டு, பேருந்து நிலையம் உண்டு, பெரிய நெடுஞ்சாலையும் உண்டு. இரயில் நிலையம் மட்டும் இல்லை. இரயில் ஏற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். மற்ற மூவர் அரியலூர்க்காரர்கள். இரவில் படுத்தால் அவர்கள் வீட்டில் இரயிலின் ஊதல் கேட்குமாம். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை ஏங்க வைப்பார்கள்!

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவர் அவளுடைய தம்பிக்கு ஒரு மின்சாரப் பொம்மை இரயில் வாங்கி வந்திருந்தார். கண்காட்சி நாளன்று தன்னையே நிலைய அதிகாரியாக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தம்பி அதை எங்களுக்குக் கடன் கொடுத்தான்.

"இரயில் சரி, எந்த ஊர் இரயில்?" என்று கேட்டார் அருட்சகோதரி. அரியலூரை அப்படியே செய்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எங்கள் வீடு எங்கே? எங்கள் தெரு எங்கே?" என்று கேட்பார்களே! ஆகவே ஒரு கற்பனை ஊரைப் படைப்பது என்று முடிவு செய்தோம். இது புதிய வழக்கமன்று. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 'மால்குடி' என்ற ஊரைக் கற்பனையில் கட்டி, அதற்கு ஒரு ஆற்றையும் ஒரு இரயில் நிலையத்தையும் கொடுத்தார். அந்த ஊர் முதன்முதலில் வந்த நாவல் 1935-இல் வெளியாயிற்று. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற பெரிய மாதிரி இரயில் கண்காட்சியில், 'க்னுஃபிங்கன்' என்ற இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது. நம் நாட்டிலும் புனே நகரில் ஜோஷி குடும்பத்தார் அமைத்த சிற்றுருவ இரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்கி வருகிறது. அங்கும் ஒரு சின்னஞ்சிறு நகரத்தின் நடுவேதான் இரயில்கள் ஓடுகின்றன.

எங்கள் ஊர் கடற்கரையில் இருக்க வேண்டும் என்பதில் எழுவருக்கும் ஒரே மனம். பெரம்பலூரிலும் கடல் இல்லை, அரியலூரிலும் கடல் இல்லை. இல்லாததைத்தானே மனம் கேட்கும்? ஆனால் எங்கள் மண்ணுக்குக் கடல் புதிதன்று. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரினங்களின் சுருண்ட ஓடுகள் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப் போன பெரிய மரம் ஒன்று கிடக்கிறது. எங்கள் பகுதியில் சிமென்ட் ஆலைகள் பெருகக் காரணமான சுண்ணாம்புக் கல்லும் அந்தப் பழங்கடலின் கொடைதான். அந்தக் கடலை நினைத்து எங்கள் கற்பனை ஊருக்குச் 'சங்குப்பட்டணம்' என்று பெயரிட்டோம்.

"ஊர் கற்பனையாக இருக்கலாம், பிள்ளைகளே, கணக்கு கற்பனையாக இருக்கக் கூடாது" என்றார் அருட்சகோதரி. பொதுத்தேர்வை நினைவூட்டி, மதிய இடைவேளையிலும் சனிக்கிழமைகளிலும் மட்டுமே வேலை செய்யலாம் என்ற உத்தரவோடு அனுமதியும் கொடுத்தார்.

நூறில் ஒரு பங்கு

மாதிரி செய்வதற்கு முதலில் வேண்டுவது அளவு விகிதம். உண்மைப் பொருளை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்பதே அது. இரயில் எவ்வளவு, வீடு எவ்வளவு, மனிதன் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலைய அதிகாரி நிலையத்தைவிட உயரமாகிவிடுவார்!

உலகில் மிகுதியாகப் பயன்படும் மாதிரி அளவு 87-இல் ஒரு பங்கு. அதை 'ஹெச். ஓ.' அளவு என்பார்கள். அதன் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பா முதலிய இடங்களில் வழங்கும் பாதையின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதை 87 ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5 வரும். ஆனால் நம் நாட்டு அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அதே 16.5 மில்லிமீட்டர்ப் பாதையை நம் நாட்டுப் பாதையாகக் கொண்டால், விகிதம் ஏறக்குறைய 100-இல் ஒரு பங்காகிறது. இதைக் கண்டுபிடித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்! இதைவிட எளிய கணக்கு உண்டோ? பொம்மை எஞ்சின் மட்டும் வெளிநாட்டு அளவில் சற்றே பருத்துத் தெரிந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்தக் கணக்கின்படி, 21 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள பயணிகள் பெட்டி 21 சென்டிமீட்டர். 20 மீட்டர் தென்னை மரம் 20 சென்டிமீட்டர். எங்களைப் போன்ற மாணவி ஒன்றரைச் சென்டிமீட்டர்! எட்டடி நீளம் நான்கடி அகலமுள்ள பிளைவுட் பலகை ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அப்படியானால் சங்குப்பட்டணம் முழுவதும் 244 மீட்டர் நீளமும் 122 மீட்டர் அகலமும்தான். 24 பெட்டிகள் கொண்ட உண்மை இரயில் ஒன்று 500 மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். எங்கள் ஊரில் அதன் பாதி கூட நிற்காது. ஆகவே எங்கள் இரயிலுக்கு மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டோம். மாதிரி செய்பவர்கள் நீளத்தைச் சுருக்கலாம். உயரத்தையும் அகலத்தையும் சுருக்கக் கூடாது என்பது நாங்கள் கற்ற முதல் பாடம்.

வளைவிலும் இப்படியே. நம் நாட்டு அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கும் 175 மீட்டர் ஆரம் வேண்டும் என்பது விதி. எங்கள் அளவில் அது 1.75 மீட்டர். வட்டம் முழுதும் திரும்ப மூன்றரை மீட்டர் அகலம் தேவை. பலகையோ ஒன்றேகால் மீட்டர் கூட இல்லை. ஆகவே 45 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தோம். உண்மை இரயில் இப்படித் திரும்பினால் தடம் புரண்டுவிடும். இந்த ஒரு குற்றத்தை மறைக்க, வளைவுகளில் ஒன்றைத் தென்னந்தோப்புக்குள்ளும் மற்றொன்றை மலைக்குகைக்குள்ளும் ஒளித்து வைத்தோம்.

தண்டவாளமும் மின்சாரமும்

பலகையைச் சட்டங்களின் மேல் அறைந்து, அதன் மேல் தெர்மோகோல் ஒட்டினோம். பாதை போகும் வழியைச் சாக்குக்கட்டியால் வரைந்துகொண்டோம். நீள்வட்டமாக ஒரு முதன்மைப் பாதை, அதிலிருந்து துறைமுகத்துக்குப் பிரியும் ஒரு கிளைப் பாதை. சிமென்ட் மூட்டைகளை ஏற்றிய சரக்கு வண்டி கிளைப் பாதையில் போய்க் கப்பலருகே நிற்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். அரியலூரில் சிமென்ட் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த தோழியரின் யோசனை இது.

பொம்மை இரயில் எப்படி ஓடுகிறது? அதற்குள் மின்கலம் இல்லை. சுவரிலுள்ள மின்சாரத்தை ஒரு சிறு பெட்டி 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. இரண்டு தண்டவாளங்களும் இரண்டு கம்பிகளாகப் பயன்படுகின்றன. ஒன்றின் வழியே வரும் மின்சாரம் சக்கரத்தில் ஏறி, மோட்டாரைச் சுழற்றி, மற்றொன்றின் வழியே திரும்புகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். பாடப் புத்தகத்தில் படித்தது கண் முன்னே ஓடியபோது கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு வந்த இடையூறுகளையும் சொல்லிவிடுகிறோம். பின்னால் செய்பவர்களுக்கு உதவும். துறைமுகப் பாதையைச் சுற்றி வளைத்து அதே பாதையில் கொண்டு வந்து சேர்த்தோம், வண்டி தானாகத் திரும்பி வரட்டும் என்று. உடனே எல்லாம் நின்றுவிட்டது. காரணம், பாதை சுற்றி வந்து சேரும்போது இடப்பக்கத் தண்டவாளம் வலப்பக்கத் தண்டவாளத்தோடு இணைந்துவிடுகிறது. நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொண்டால் குறுக்குச் சுற்று அல்லவா? நல்ல வேளையாக அந்தச் சிறு பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. பிறகு கிளைப் பாதையை முட்டுக்கட்டையோடு முடித்துவிட்டோம்.

மற்றொரு தொல்லை தூசி. தெர்மோகோல் துகள் தண்டவாளத்தில் ஒட்டினால் சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாது. காலையும் மாலையும் பழைய கைக்குட்டையால் துடைப்பதற்கென்றே ஒருத்தியை நியமித்தோம்.

மூன்றாவது தொல்லை ஏற்றம். 80 சென்டிமீட்டர் தூரத்தில் 8 சென்டிமீட்டர் உயரம் ஏறும்படி மலைப்பாதை போட்டோம். எஞ்சினின் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. அதனால்தான் இரயில் சமதளத்தில் எளிதாக ஓடுகிறது. அதனாலேயே ஏற்றத்தில் வழுக்குகிறது. நீலகிரி மலை இரயில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது என்றால், நடுவே பற்கள் கொண்ட சட்டத்தைப் பற்சக்கரம் பிடித்து ஏறுவதால்தான். எங்கள் எஞ்சினுக்குப் பல் இல்லை. ஆகவே பாதையைச் சமமாக்கி, தாழ்ந்த இடங்களில் கரை போட்டு உயர்த்தினோம். அந்தக் கரைதான் பிறகு எங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

மலையும் கடலும்

பலகையின் ஒரு புறம் மலை, மறுபுறம் கடல், நடுவே ஊரும் இரயிலும். பச்சைமலையை நினைத்துக்கொண்டு மலையைச் செய்தோம். பழைய செய்தித்தாளைக் கசக்கி அடுக்கி, மைதாப் பசையில் தோய்த்த தாள்களை மேலே போர்த்தி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் மலை தயார். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து தூவினால் புல். துடைப்ப ஈர்க்கில் பச்சைக் காகிதக் கீற்றுகளை ஒட்டினால் தென்னை. சலித்தெடுத்த பொடிக் கல் தண்டவாளத்துக்கு ஜல்லி. கடலுக்கு நீல வண்ணத்தைக் கரையருகே வெளிறியும், தள்ளிப் போகப் போக அடர்த்தியாகவும் பூசி, அதன் மேல் பெவிகாலை மெல்லிய படலமாகத் தடவினோம். காய்ந்ததும் கண்ணாடி போல் மின்னியது. அலைக்குப் பஞ்சு. உண்மையான கல்லோடு ஒன்றைக் கடற்கரையில் வைக்கலாமா என்று கேட்டோம். அவை பூமியின் பழைய ஏடுகள், கிடைத்த இடத்திலும் அருங்காட்சியகத்திலும்தான் இருக்க வேண்டும் என்று அருட்சகோதரி சொன்னதால், களிமண்ணில் செய்து வைத்தோம்.

இரண்டு மாதத்தில் ஊர் முடிந்தது. ஓட்டு வீடுகள், கோயில் கோபுரம், தேவாலயம், பள்ளிவாசல், கலங்கரை விளக்கம், மீன் சந்தை, பெயர்ப் பலகையோடு நிலையம்! தம்பி கொடி அசைக்க, இரயில் முதன்முதலாக ஒரு முழுச் சுற்று வந்தது.

தாத்தாவின் கேள்வி

எங்களில் அரியலூர்த் தோழி ஒருத்தியின் தாத்தா இரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 79. எங்கள் இரயிலைப் பார்க்க ஆசையோடு வந்தார். இரண்டு சுற்று பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"ஏம்மா, மலை இருக்கு, சமுத்திரம் இருக்கு. நடுவுல குறுக்கால கரையைப் போட்டு ரயிலை விட்டுட்டீங்க. மலையில பெய்யிற தண்ணி சமுத்திரத்துக்கு எப்படிப் போவும்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "இது மாதிரிதானே தாத்தா, இதில் மழை பெய்யாது" என்றாள் பேத்தி.

"ரயில் மட்டும் ஓடும், மழை மட்டும் பெய்யாதோ?" என்று சிரித்தார் தாத்தா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

எங்கள் கரையை நாங்களே மீண்டும் பார்த்தோம். மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஓர் ஓட்டை கூட இல்லாமல் போட்டிருந்தோம். ஊர் கற்பனையாக இருக்கலாம், கணக்கு கற்பனையாக இருக்கக் கூடாது என்று அருட்சகோதரி சொன்னது நினைவுக்கு வந்தது. தண்ணீரின் கணக்கை நாங்கள் போடவே இல்லை.

தோட்டத்தில் ஒரு வெள்ளம்

மறுநாள் பள்ளித் தோட்டத்தில் ஒரு சோதனை செய்தோம். சரிவான இடத்தில் மண்ணால் ஒரு கரை போட்டு, மேற்புறத்தில் பூவாளியால் தண்ணீர் ஊற்றினோம். முதலில் கரை அசையவில்லை. தண்ணீர் அதன் பின்னால் தேங்கியது. மட்டம் ஏறியது. கரையின் மறுபுறத்தில் ஓரிடத்தில் மண் கறுத்து ஈரமானது. அங்கே மெல்லிய கசிவு. பிறகு விரல் அளவு ஓட்டை. "ஐயோ!" என்று நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாண் அகலத்துக்குக் கரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரை போட்டபோது அது இரயில் பாதை. தண்ணீர் தேங்கியபோது அது அணையாகிவிட்டது. ஆனால் அணையைப் போல் அதைக் கட்டவில்லையே!

இரண்டாம் முறை கரையின் அடியில் ஒரு சிறு குழாயை வைத்தோம். குறைவாக ஊற்றியபோது குழாய் போதும். ஒரு வாளியை ஒரேயடியாகக் கவிழ்த்தபோது குழாய் திணறி, தண்ணீர் கரைக்கு மேலேயே வழிந்தது. பாலத்தின் வாய் அன்றாடம் வரும் தண்ணீருக்காக மட்டுமல்ல, வரக்கூடிய பெருவெள்ளத்துக்காகவும் அளக்கப்பட வேண்டும் என்பது புரிந்தது.

மூன்றாம் முறை அகலமான வாய் விட்டு, நடுவில் ஒரு செங்கல் துண்டைத் தூணாக நிறுத்தி, மேலே மரச்சட்டம் வைத்தோம். தண்ணீர் தாராளமாகப் போயிற்று. ஆனால் சற்று நேரத்தில் செங்கல் சாய்ந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் அடியில் பள்ளம்! தூணில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கிச் சுழன்று மணலைத் தோண்டி எடுத்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் தூண் நன்றாகவே தெரியும். அதன் கால்தான் போய்விட்டிருக்கும். ஆற்றுப் பாலங்களின் தூண்களுக்குக் கிணறு போன்ற ஆழமான அடித்தளம் இறக்குவது இதனால்தான். தூணைச் சுற்றியும் கரையின் ஓரத்திலும் பெரிய கற்களைக் கொட்டி வைப்பதும் இதற்காகவே.

1956 நவம்பர் 23

இந்தச் சோதனையைச் சொன்னபோதுதான் தாத்தா எங்களுக்கு மருதையாற்றைப் பற்றிக் கூறினார். பாடப் புத்தகத்தில் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் படித்திருக்கிறோம். அது எங்கள் ஊருக்கு இவ்வளவு அருகில் நடந்தது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23 விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டி அரியலூரைத் தாண்டி, கல்லகம் நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கனமழையால் மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. ஆற்றுப் பாலத்தருகே பாதை வெள்ளத்தால் சிதைந்திருந்தது. இருட்டில், உறங்கிக்கொண்டிருந்த பயணிகளோடு, எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே இன்றைய தெலங்கானாவிலுள்ள மகபூப் நகரில் ஒரு பாலம் இடிந்து இரயில் விபத்து நேர்ந்திருந்தது. அப்போதே இரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் அவர் மீண்டும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது.

தாத்தாவுக்கு அப்போது பத்து வயது. விடிந்ததும் ஊரே ஆற்றை நோக்கி ஓடியதாம். அவரை மட்டும் அவருடைய அம்மா வெளியே விடவில்லையாம். அதற்கு மேல் அவர் அந்த நாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதில் பெரம்பலூர்க்காரர்களான எங்களுக்கு ஒரு செய்தி உண்டு. மருதையாறு பிறப்பது எங்கள் பச்சைமலையில்! அங்கே பெய்யும் மழைதான் ஓடையாகி, ஆறாகி, அரியலூர்ப் பக்கம் இரயில் பாதையைக் கடந்து, கொள்ளிடத்தில் கலக்கிறது. எங்கள் ஊரில் இரயில் இல்லை என்று சொல்லி வந்தோம். எங்கள் ஊர்த் தண்ணீர் நெடுங்காலமாக இரயிலைச் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு அரியலூரிலிருந்து திருச்சிக்குப் பயணிகள் வண்டியில் சென்றோம். வண்டி கிளம்பிய சில நிமிடங்களில் "இதோ, இதான்" என்றார் தாத்தா. சன்னல் வழியே பார்த்தோம். மணலும் நாணலுமாக ஆறு காய்ந்து கிடந்தது. ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இந்த ஆறா? எங்களால் நம்பவே முடியவில்லை. ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கும் ஆறுகளின் ஆபத்தே அதுதான் என்றார் தாத்தா, ஜனங்கள் மறந்துவிடுவார்கள்.

கடற்கரை இரயிலுக்கும் இதே பாடம் உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் செல்லலாம். எங்கள் சங்குப்பட்டணத்துத் துறைமுகத்துக்கு அதுவே முன்மாதிரி. 1964 டிசம்பர் 22 இரவு, பெரும்புயலில் எழுந்த கடல், 100-க்கும் மேற்பட்டோருடன் தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் வண்டியை அடித்துச் சென்றது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது, பாதை திரும்பப் போடப்படவில்லை. பாம்பன் பாலம் மட்டும் விரைவில் செப்பனிடப்பட்டுப் பல்லாண்டு உழைத்தது. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பி வழிவிடுகிறது.

பாலம் கட்டினோம்

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. ஆனாலும் கரையை அறுத்தோம். இரண்டு மாத வேலையில் கத்தி வைத்தபோது ஒருத்திக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மலையிலிருந்து கடல் வரை ஓர் ஆற்றைக் கீறினோம். நான்கு தூண்களை நிறுத்தி, 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஐஸ்கிரீம் குச்சிகளால் பாலம் கட்டினோம். அதாவது, உண்மையில் 40 மீட்டர். ஊருக்குள் இரண்டு சிறு மதகுகளும் வைத்தோம். கடற்கரையோரம் கல்லடுக்கி ஓர் அலைத் தடுப்பும் போட்டோம்.

தூண்களில் தாத்தா சொன்னபடி சிவப்புக் கோடு தீட்டினோம். அது அபாய மட்டம். உண்மைப் பாலங்களிலும் இவ்வாறு குறித்திருப்பார்கள். வெள்ளம் அதைத் தொட்டால் இரயிலை நிறுத்திவிட வேண்டும். மழைக்கால இரவுகளில் விளக்கோடு பாதை நெடுக நடந்து பார்ப்பது தாத்தாவின் வேலையாக இருந்தது. எதிர்ப்புறமிருந்து வரும் ஆளைப் பாதி வழியில் சந்தித்து, கையிலுள்ள புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார்களாம். பாதையில் பழுது கண்டால், சற்று முன்னதாகவே தண்டவாளத்தின் மேல் பட்டாசு வைப்பார்களாம். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். நாம் இரயிலில் போர்த்திக்கொண்டு தூங்கும் மழை இரவில், யாரோ ஒருவர் நமக்காக நனைந்துகொண்டு நடக்கிறார் என்பது எங்களுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. பாலத்தருகே கையில் விளக்கோடு ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதரை வைத்தோம். அவருக்குத் தாத்தாவின் காக்கிச் சட்டை.

கண்காட்சி நாள்

கண்காட்சியன்று எங்கள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். தம்பி நிபந்தனைப்படி வெள்ளைச் சட்டையில் கொடியோடு நின்றான். வண்டி இரண்டு முறை நின்றது. துடைப்பதற்கு நியமிக்கப்பட்டவள் ஓடி வந்து துடைத்தாள். கலங்கரை விளக்கம் எரிந்தது எல்லாருக்கும் பிடித்திருந்தது.

ஆற்றில் நாங்கள் நீல வண்ணம் பூசவில்லை. சன்னல் வழியே பார்த்தது போலவே வெறும் மணலைத்தான் பரப்பியிருந்தோம். அதனால் வந்தவர்களில் பலர், பெற்றோர்களும் கூட, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஆற்றில் தண்ணீரே இல்லையே, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலம்?" அந்தக் கேள்வியை எதிர்பார்த்து, அபாய மட்டம், மண்ணரிப்பு, மருதையாறு என்று நாங்கள் விளக்கம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்பே நிலைய அதிகாரி பதில் சொல்லிவிட்டான்:

"தண்ணி வந்தப்புறம் பாலம் கட்ட முடியாதுல்ல?"

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த தாத்தா தலையை ஆட்டினார். எங்களுக்குக் கிடைத்த பரிசைவிட அதையே பெரிதாக எண்ணுகிறோம்.

சங்குப்பட்டணம் இப்போது அறிவியல் ஆய்வுக்கூடத்தின் பின் அறையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. இரயில் தம்பியிடம் திரும்பிவிட்டது. பாதையும் ஊரும் பள்ளிக்குச் சொந்தம். நாங்கள் பொதுத்தேர்வுக்குப் படிக்கப் போகிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் யாரேனும் இதைத் தொடர விரும்பினால், நிலையத்துக்கு நடைமேம்பாலமும், மீன் சந்தைக்குக் கூரையும் இன்னும் பாக்கி இருக்கின்றன. எதைச் சேர்த்தாலும் சேருங்கள். ஆற்றை மட்டும் மறித்துவிடாதீர்கள்.